கடைசி வீட்டு மஞ்சள்

குடிதண்ணீரில் குளோரின் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். இது நல்ல விஷயம். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுகிறோம். அது கிருமிகளைக் கொல்கிறது. கொன்று முடித்த பிறகும், குழாய் வழியில் புதிதாக வந்து சேரும் கிருமிகளுக்காகச் சிறிதளவு மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழலில் தண்ணீரைப் பிடித்து, அதற்கென்று இருக்கிற மருந்தைச் சில சொட்டு விடுவார்கள். தண்ணீர் மஞ்சளானால் குளோரின் இருக்கிறது. ஆகாவிட்டால் இல்லை. சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

தொட்டிக்குப் பக்கத்தில் சோதித்தால் எப்போதும் மஞ்சள்தான். ஆகவே ஊரின் கடைசி வீட்டுக் குழாயில் சோதிக்க வேண்டும். கடைசி வீட்டுக்கே குளோரின் போய்ச் சேர்ந்துவிட்டால், நடுவில் உள்ள எல்லா வீட்டுக்கும் போயிருக்கும் என்பது கணக்கு. இதுவும் சரியான கணக்குத்தான்.

அரியலூர் மாவட்டம் முடிந்து பெரம்பலூர் மாவட்டம் ஆரம்பிக்கப் போகிற இடத்தில் ஆவாரமேடு என்று ஓர் ஊர். அந்த ஊரின் கடைசி வீடு மலர்க்கொடியுடையது. அந்த வீட்டுக் குழாயில் குளோரின் வரவில்லை. தண்ணீரும் வரவில்லை.

குழாய் போட்ட புதிதில், திறந்தால் புஸ்ஸென்று காற்றாவது வரும். பிறகு அதுவும் நின்றுவிட்டது. தொட்டி இருப்பது ஊரின் பள்ளத்தில். மலர்க்கொடியின் வீடு இருப்பது மேட்டுத் தெருவின் உச்சியில். நடுவில் உள்ள வீடுகளில் பாதிப் பேர் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சிக்கொண்டார்கள். மலர்க்கொடியின் கணவன் பூமாலை சிமெண்டு லாரியில் லோடு ஏற்றப் போகிறவன். வேலை விட்டு வந்ததும் சாப்பாட்டுப் பையை அந்தக் குழாயில்தான் மாட்டுவான். பை மாட்ட வசதியான குழாய் என்று அதற்குத் தெருவில் நல்ல பெயர் இருந்தது.

தண்ணீருக்கு மலர்க்கொடி குடத்தோடு பள்ளத்துக்கு இறங்கி, ஆண்டாயி வீட்டுக்குப் போவாள். ஆண்டாயி வீடு தொட்டியின் காலடியில் இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் முகத்தில் அடிக்கும். ஆண்டாயி நல்ல மனுஷி. தண்ணீர் இல்லையென்று யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் குடத்துக்கு ஒரு கதை கேட்க வேண்டும். முதல் குடத்துக்குச் சிங்கப்பூரில் இருக்கும் மகனின் கதை. இரண்டாவது குடத்துக்குப் பெரம்பலூரில் இருக்கும் மருமகள் ஜெயசுதாவின் கதை. குடம் நிரம்பினாலும் கதை முடியாமல் எழுந்திருக்கக் கூடாது. மலர்க்கொடி அந்த ஜெயசுதாவை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் அவள் சாம்பாருக்கு எத்தனை வெங்காயம் உரிப்பாள், எத்தனை வெங்காயத்தை வீணாக்குவாள் என்பது மனப்பாடம்.

கதை இல்லாமல் ஒரு குடம் தண்ணீர் வேண்டும். தன் வீட்டுக் குழாயில், தானே திறந்து, தானே பிடித்த தண்ணீர். மலர்க்கொடிக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில் 'கடைக்கோடிக் குடிநீர்த் தர உறுதி இயக்கம்' என்று ஒன்று பிறந்தது. அதன் வட்டார ஒருங்கிணைப்பாளர் அறிவரசன், கழுத்தில் அடையாள அட்டையும், தலையில் மஞ்சள் தொப்பியும், கையில் கைபேசியுமாக மேட்டுத் தெருவில் வந்து இறங்கினார். கைபேசியில் இந்த இயக்கத்துக்கென்றே ஒரு செயலி இருந்தது. கடைசி வீட்டு வாசலில் நின்றால்தான் அது திறக்கும். அவ்வளவு கண்டிப்பான செயலி.

"இதாம்மா கடைசி வூடு?"

"ஆமாங்க சார்."

"கொழாயத் தொறங்க."

மலர்க்கொடி பூமாலையின் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டுக் குழாயைத் திறந்தாள். அறிவரசன் கண்ணாடிக் குழலை அடியில் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

"தண்ணி வரலீங்களே."

"வராதுங்க சார். வந்ததே இல்ல."

"அது வேற டிபார்ட்மெண்டும்மா. நான் குளோரின் மட்டும்தான் பாக்குறது."

"தண்ணி இல்லாம குளோரின எதுலங்க பாப்பீங்க?"

இது நியாயமான கேள்வி என்று அறிவரசனுக்கும் பட்டது. செயலியைப் பார்த்தார். 'மாதிரியின் நிறம் என்ன?' என்று அது கேட்டது. விடையாக மூன்று பொத்தான்கள் இருந்தன: மஞ்சள், இளமஞ்சள், நிறமில்லை. நாலாவதாக ஏதாவது இருக்கிறதா என்று திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். இல்லை. தண்ணீரே வராத குழாய் ஒன்று உலகத்தில் இருக்கக் கூடுமென்று செயலி செய்தவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் குளிர்சாதன அறையில் இருந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அறிவரசன் காலிக் குழலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இதுல ஏதாச்சும் நெறம் தெரியுதாம்மா?"

மலர்க்கொடி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இல்லீங்க சார்."

"எனக்கும் தெரியல." அவர் நேர்மையான மனிதர். 'நிறமில்லை' என்பதை அழுத்திவிட்டுப் போனார்.

நிறமில்லை என்றால் குளோரின் இல்லை. குளோரின் இல்லையென்றால் பிளீச்சிங் பவுடர் போதவில்லை. போதவில்லையென்றால் கூட்டிப் போட வேண்டும். மறுநாள் காலையில் தொட்டி ஆபரேட்டர் பிச்சைமுத்துவுக்கு உத்தரவு வந்தது. அவர் கூட்டிப் போட்டார். அறிவரசன் வந்து காலிக் குழலைத் தூக்கிப் பார்த்தார். நிறமில்லை. மறுபடி கூட்டச் சொல்லி உத்தரவு வந்தது. மறுபடி கூட்டினார். எவ்வளவு கூட்டினாலும் காலிக் குழலில் நிறம் மாறுவதாக இல்லை. அடுத்த வாரம் பவுடர் மூட்டைகளை இறக்க வேன் வந்தது.

மேட்டுத் தெருவுக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. அங்கேதான் தண்ணீர் வராதே. பள்ளத்தில்தான் கஷ்டம். ஆண்டாயியின் புளிக்குழம்பில் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. அரக்குச் சேலையைத் துவைத்தாள், சந்தன நிறமாகிவிட்டது. சேலை புதுசா என்று நாலு பேர் விசாரித்தது அவள் வயிற்றெரிச்சலை இன்னும் கிளப்பியது. அவளுடைய எருமை தொட்டித் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆண்டாயி தன் வாழ்நாளில் முதல் தடவையாக மேட்டுத் தெருவுக்கு ஏறி வந்தாள்.

"ஏண்டி மலரு, ஒங் கொழாயில ஏண்டி நெறம் வரமாட்டேங்குது?"

"தண்ணியே வரமாட்டேங்குதேக்கா."

"தண்ணி வராட்டிப் போவட்டும்டி. நெறத்த வரவையேன். ஒன்னால அங்க எங் கண்ணு அவியிது."

"அதுக்கு நான் என்னக்கா பண்ணட்டும்?"

ஆண்டாயி யோசித்தாள். மறுநாள் அவளே ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறிவந்து, மலர்க்கொடி வீட்டு வாசலில் இறக்கினாள். அறிவரசன் வந்ததும், "இந்தா தம்பி, இதுல பாரு. மஞ்ச மஞ்சளா வரும்" என்றாள்.

"கொடத்துத் தண்ணி செல்லாதுங்க பெரியம்மா. கொழாயில வரணும். அதுவும் தொறந்த ஒடனே புடிக்கக் கூடாது. ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு, அதுக்கப்புறந்தான் புடிக்கணும். தண்ணி ஓடுறத போட்டோ எடுக்கணும். ரூல்."

சொல்லிவிட்டு அவரே கவலையோடு உட்கார்ந்துவிட்டார். மேலதிகாரியின் அறைச்சுவரில் ஒரு பெரிய திரை இருந்தது. குழலில் மஞ்சள் வந்த ஊரெல்லாம் அதில் பச்சைப் புள்ளி. வராத ஊர் சிவப்புப் புள்ளி. மாவட்டம் முழுக்கப் பச்சையாக இருக்க, ஓரத்தில் ஆவாரமேடு மட்டும் கொசு கடித்த இடம்போலச் சிவந்து நின்றது. நேற்றுத்தான் மேலதிகாரி அந்தப் புள்ளியைப் பேனாவால் தட்டிக் காட்டியிருந்தார்.

அறிவரசன் செயல்வீரர். இரண்டே நாளில் மலர்க்கொடி வீட்டுக்குப் பின்னால் கல்லை அடுக்கி, அதன் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம் ஏற்றப்பட்டது. டிரம்மிலிருந்து ஒரு ரப்பர் டியூப் வந்து குழாயோடு சேர்ந்தது. தொட்டியடியில் தண்ணீர் பிடித்த டிராக்டர் டேங்கர் ஒன்று மேட்டில் ஏறிவந்து டிரம்மை நிரப்பியது. இது குடிநீர் வழங்கல் ஆகாது. வழங்கல் வேறு டிபார்ட்மெண்டு. இதற்குக் கோப்பில் 'மாதிரி சேகரிப்புக்கான முன்னேற்பாடு' என்று பெயர்.

மலர்க்கொடி குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. அவள் சட்டென்று குடத்தை அடியில் தள்ளினாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"ரெண்டு நிமிஷம் ஓடவிடணும்னீங்களே சார். ஓடுற தண்ணி மண்ணுல வுழுந்தா என்ன, கொடத்துல வுழுந்தா என்ன?"

அறிவரசன் விதிமுறையைப் படித்துப் பார்த்தார். ஓடவிட வேண்டும் என்று இருந்தது. எங்கே ஓடவிட வேண்டும் என்று இல்லை.

"சரி, போட்டோவுல கொடம் தெரியாம பாத்துக்குங்க."

பிறகு மாதிரி பிடித்து மருந்தை விட்டார். குழலில் தண்ணீர் மெதுவாக, எலுமிச்சம்பழத் தோல் நிறத்துக்கு வந்தது. ஆவாரமேட்டின் புள்ளி பச்சையானது. பவுடர் பழைய அளவுக்கு இறங்கியது. ஆண்டாயியின் எருமை தண்ணீர் குடித்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

மலர்க்கொடிக்குத்தான் பெரிய சந்தோஷம். தினமும் காலையில் இரண்டு நிமிஷத் தண்ணீர், வீட்டு வாசலில், வெங்காயக் கதை இல்லாமல். குடங்களை முன்கூட்டியே வரிசையாக வைத்து, ஒன்று நிரம்பியதும் காலால் தள்ளி அடுத்ததை நகர்த்த அவள் பழகிவிட்டாள். ரெண்டு நிமிஷம் ஆகிவிட்டதா என்று அறிவரசன் கேட்டால், "இன்னும் கொஞ்சம் ஓடட்டும் சார், நெறம் நல்லா வரும்" என்பாள். சோதனையின் துல்லியத்தில் அவளுக்கு அப்படியோர் அக்கறை ஏற்பட்டிருந்தது.

இதைப் பக்கத்து வீட்டு வேம்பு சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் அறிவரசன் வரும்போது வேம்பு வழியை மறித்தாள். "சார், கடைசி வூடு இவ வூடு இல்லீங்க. எங்களுது."

"ஒங்க வூடு இவங்களுக்கு முன்னாடியில்ல இருக்கு?"

"வூடு முன்னாடிதான் இருக்கு. எங்க ஆட்டுக்கொட்டாய் அந்தாண்ட இருக்கு பாருங்க."

"ஆட்டுக்கொட்டாய் எப்படிங்க வூடாவும்?"

"ஏன், கொட்டாயிலதான் எங்க வூட்டுக்காரரு படுத்திருக்காரு."

உண்மைதான். வேம்புவின் கணவர் அரியமுத்து அன்று காலையிலிருந்து கட்டிலோடு அங்கே குடியேற்றப்பட்டிருந்தார். ஆடுகள் வெளியே நின்றன. வீடு என்பது எது என்று அறிவரசன் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். 'அடுப்பு எரியும் இடம் வீடு எனக் கொள்ளலாம்' என்று பதில் வந்தது. பதில் வந்து சேர்வதற்குள் கொட்டாயில் அடுப்பு எரிந்தது. கொட்டாய்க்கு முன்னால் ஒரு குழாய் நடப்பட்டது. டிரம் அங்கே இடம் மாறியது.

மலர்க்கொடியின் குழாயில் மறுபடி பை தொங்கியது.

"விட்டுரு மலரு, எப்பவும் போல ஆண்டாயி வூட்டுக்கே போ" என்றான் பூமாலை.

"நீங்க போயி அந்த மருமவ கதைய ஒரு தரம் முழுசா கேட்டுட்டு வாங்க. அப்பறம் பேசுங்க."

பூமாலை எழுந்து போய் ஆட்டுக்கொட்டாய்க்கும் அப்பால், முந்திரிக்காட்டு ஓரத்தில் நாலு கம்பு நட்டு, மேலே தார்ப்பாய் போட்டு, நடுவில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினான். டிரம் அங்கே வந்தது. வேம்பு அதையும் தாண்டி ஒரு கீற்றுக் கொட்டகை போட்டாள். மேட்டுத் தெருவில் மற்றவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? கான்கிரீட் வீட்டைப் பூட்டிவிட்டுக் கூடாரத்தில் சமைத்தார்கள். அறிவரசன் காலையில் வந்ததும், "இன்னைக்கு யாரு கடைசி?" என்று கேட்டுக்கொண்டே முந்திரிக்காட்டுக்குள் நடப்பார். டவுன் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, என்ன திருவிழா என்று விசாரித்தார். ஆவாரமேடு மேற்கே வளர்ந்துகொண்டிருந்தது. வேகமாக வளரும் ஊர் என்று அதை யாராவது கணக்கெடுத்திருந்தால் குறை சொல்ல முடியாது.

கடைசியில் மலர்க்கொடி ஓர் இடத்தில் கூடாரம் போட்டாள். அதற்கு அப்பால் போட முடியாது, பெரிய ஓடை. வெற்றி தன்னுடையது என்று அவள் குடங்களை அடுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அறிவரசன் வந்து கைபேசியைத் தூக்கினார். 'நீங்கள் உங்கள் மாவட்டத்துக்கு வெளியே இருக்கிறீர்கள்' என்றது செயலி.

ஓர் அடி பின்னால் வந்தார். 'கடைசி வீட்டுக்கு அருகில் செல்லவும்' என்றது.

ஓர் அடி முன்னால் போனார். மறுபடி வெளியே.

"என்னங்க சார், ஊஞ்சலா ஆடுறீங்க?"

"ஒங்க அடுப்பு பெரம்பலூர் மாவட்டத்துல எரியுதும்மா. கொழாய் அரியலூர்ல இருக்கு."

இடது காலை அரியலூரிலும் வலது காலைப் பெரம்பலூரிலும் அகட்டி ஊன்றிக்கொண்டு, ஒரு கையில் கைபேசியும் மறு கையில் குழலுமாக அவர் நின்றார். செயலி யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு மஞ்சள் தொப்பி கூப்பிட்டது. அவர் பெரம்பலூர்ப் பக்கத்து ஒருங்கிணைப்பாளர். "எங்க மாவட்டத்துக்குள்ள வந்து நீங்க எப்படி சார் மஞ்சள் எடுக்கலாம்?" என்று அவர் கேட்டதும், அறிவரசன் வலது காலை இழுத்துக்கொண்டார்.

அன்று ஆவாரமேட்டின் புள்ளி சிவந்தது. மறுநாள் தொட்டியடியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

அறிவரசன் எழுந்து நின்றார். "இனிமே டிரம் எல்லாம் கெடையாது. டேங்கரும் கெடையாது. எது கடைசி வூடுன்னு நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

கூச்சலில் யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை. அப்போது மலர்க்கொடி எழுந்து குரலை உயர்த்தினாள். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

"சார், எனக்கு ஒண்ணு தோணுது. கடைசி வூட்டுக்கு என்னைக்கும் தண்ணி வந்ததில்ல. மொத வூட்டுக்கு என்னைக்கும் தண்ணி நின்னதில்ல. ஆண்டாயிக்கா வூடு மொத வூடு, அதனால அங்க கொட்டுது. நாங்க கடைசி, அதனால எங்களுக்கு வரல. பேசாம எங்க மேட்டுத் தெருவ மொதல்னு ஆக்கிடுங்க. அப்ப வந்துதான ஆவணும்?"

இவ்வளவு எளிய விஷயம் இத்தனை காலம் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மலர்க்கொடியோடு பேச்சை நிறுத்தியிருந்த வேம்புகூட, "மலரு சொல்றதுதான் ஞாயம். எத்தன நாளைக்கு நாங்களே கடைசியா இருக்கறது?" என்றாள்.

அறிவரசனின் முகம், மருந்து விட்ட குழல்போல, மெல்ல மெல்ல நிறம் மாறியது. மேட்டுத் தெரு முதல் என்றால் தொட்டியடி கடைசி. தொட்டியடியில் சோதித்தால் என்றைக்கும் மஞ்சள். அதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா பெயிண்டு.

"இது எங்க டிபார்ட்மெண்டுலயே முடியிற காரியம்" என்றார்.

"அதெப்படி?" என்று ஆண்டாயி எழுந்தாள். "டேங்கு எந் தலைக்கு மேல நிக்கிது. நான் ஏன் கடைசியாவணும்?"

"பெரியம்மா, கடைசி வூட்டுக்குத்தான் தெனம் ஆபீசர் வருவாரு. போட்டோ எடுப்பாரு."

ஆண்டாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மலர்க்கொடி வராமல் போனதிலிருந்து அவள் பிச்சைமுத்துவிடம்தான் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பிச்சைமுத்துவுக்கு ஒரு காது கேட்காது.

"தெனம் வருவியா தம்பி? எம்மா நேரம் இருப்ப?"

"ஓடவிட்டு, மருந்து விட்டு, நெறம் வர்ற வரைக்கும் இருப்பங்க."

"அப்பன்னா சரி" என்று உட்கார்ந்துகொண்டாள்.

பிச்சைமுத்துவுக்கு ஒரே ஒரு சந்தேகம். "சார், இனிமே வால்வ எந்தப் பக்கம் திருவுறது?"

"எப்பவும் போலத்தான்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மலர்க்கொடி இரண்டு கைகளையும் தூக்கினாள்.

அவள் வீட்டுச் சுவரில் மஞ்சள் பெயிண்டில் பெரிதாக '1' என்று எழுதினார்கள். மறுநாள் காலையில் அவள் குழாயைத் தேய்த்துக் கழுவி, பொட்டு வைத்து, தெருவே சுற்றி நிற்கத் திறந்தாள். புஸ்ஸென்று காற்று வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். காற்று நின்றது. பிறகு ஒன்றும் வரவில்லை.

"மொத நாளுதான" என்றாள் வேம்பு. "இத்தன வருஷம் அங்கேர்ந்தே கெளம்பிப் பழகுன தண்ணி. தெச மாத்தினா தெகைக்காதா?"

அதுவும் சரியென்று பட்டது. காத்திருந்தார்கள். இதற்கிடையில் ஆவாரமேட்டின் புள்ளி, மாவட்டத்திலேயே வேறெங்கும் இல்லாத பச்சையில் ஒளிர்ந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஒருங்கிணைப்பாளர் தன் ஆட்களோடு வந்து இந்த முறையைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். டவுனில் விழா வைத்து, முன்னோடி ஊரின் முதல் வீட்டுக்காரர் என்ற முறையில் மலர்க்கொடியை மேடைக்கு அழைத்தார்கள். மேடையில் எல்லோரும் பாட்டில் தண்ணீர் குடித்தார்கள். அவளுக்கும் ஒரு பாட்டில் கொடுத்தார்கள். பரிசாக ஒரு குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம். அதைக் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினார்கள். குழாயைவிட உயரமாக இருந்ததால் பூமாலையின் சாப்பாட்டுப் பைக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

மறுநாள் காலை மலர்க்கொடி குடத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினாள். பின்னாலேயே வேம்புவும் மேட்டுத் தெருப் பெண்களும் குடங்களோடு வந்தார்கள். ஆண்டாயி வீட்டு வாசலில் அறிவரசன் உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த குழல் எப்போதோ மஞ்சளாகிவிட்டது. எழுந்திருக்கத்தான் அவரால் முடியவில்லை.

"அஞ்சு வெங்காயத்த உரிச்சாளா, அதுல ரெண்டத் தூக்கிக் குப்பையில போட்டா தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்த ஆண்டாயி நிமிர்ந்தாள். "வாடி மொத வூட்டுக்காரி. நல்ல நேரத்துக்கு வந்த. ஒக்காரு, மொதல்லேர்ந்து சொல்றேன்."

அறிவரசன் மலர்க்கொடியைப் பார்த்தார். மலர்க்கொடி வேறு பக்கம் பார்த்தாள்.

வேம்பு தன் குடத்தைக் குழாயடியில் வைக்கப் போனாள். மலர்க்கொடி அதைக் காலால் ஓரமாக நகர்த்தினாள்.

"இந்தா, தள்ளு. மொத வூடு யாருது?"

வேம்பு நகர்ந்து நின்றாள். சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கிறதே, அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? அன்றிலிருந்து கடைசி வீட்டு வரிசையில் மலர்க்கொடியின் குடம்தான் முன்னால் நிற்கும். அந்த உரிமையை மேட்டுத் தெருவில் இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை.